சம்பளப் பட்டியல் மெலிந்த கதை

நான் கணக்கு எழுதிய நகராட்சியில், செலவைக் குறைப்பதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கியதாக ஒரு கோப்புகூடக் கிடையாது. 1984-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2018-ல் கணக்குப் பிரிவிலிருந்தே ஓய்வுபெற்றவன் என்பதால் துணிந்து சொல்கிறேன். ஆனால் நான் சேர்ந்த புதிதில் துப்புரவுப் பிரிவின் மாதச் சம்பளப் பட்டியலைத் தைக்க ஊசியும் சணல் நூலும் வேண்டும். ஓய்வுபெறும்போது அதற்கு ஒரு குண்டூசி போதுமானதாக இருந்தது. இதற்கிடையில் ஊர் நாலு பக்கமும் வளர்ந்துவிட்டது. வயல்வெளியெல்லாம் நகர் நகராக மாறி வரி எண் வாங்கிவிட்டது. குப்பையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பணமில்லை என்றால் ஆளை அனுப்புவது என்பதை வெளிநாட்டில் வெளிப்படையாகவே செய்வார்கள். நியூயார்க் மாநகராட்சி கடனில் மூழ்கிய 1975-ல், ஜூலை முதல் தேதி சுமார் ஐயாயிரம் போலீஸ்காரர்களுக்கு வேலை போனது. தீயணைப்பு வீரர்களும் குப்பை அள்ளுபவர்களும் அதே பட்டியலில் இருந்தார்கள். வேலை இழந்த போலீஸ்காரர்கள் புரூக்ளின் பாலத்தை மறித்தார்கள். குப்பைத் தொழிலாளிகள் வேலையை நிறுத்த, தெருவெல்லாம் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. ஊரே பார்க்க நடந்த வெட்டு அது. நம் ஊரில் அந்தச் சத்தமே கேட்காது. ஒருவர் ஓய்வு பெறுவார், அந்த இடம் காலியாகவே கிடக்கும். இன்னொருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோவார், அதுவும் காலி. சில வருடம் கழித்து, ‘இத்தனை காலம் ஆளில்லாமல் நடந்த பணியிடம் எதற்கு?’ என்று ஒரு கடிதம் வரும். பணியிடத்தைச் சரண்டர் செய்துவிடுவோம். தெருவைக் கூட்ட ஆள் வேண்டுமே? அதற்கு வேறொரு கணக்குத் தலைப்பு இருக்கிறது.

நகராட்சி என்ற ஏற்பாடே பற்றாக்குறையைச் சமாளிக்க வந்ததுதான். பள்ளிக்கூடத்தில் நமக்கு ரிப்பன் பிரபுவைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: 1882 தீர்மானம், உள்ளாட்சியின் தந்தை, சென்னையில் அவர் பெயரில் வெள்ளை மாளிகை. அவருக்கு முன்னால் வந்த மேயோ பிரபுவை யாரும் நினைப்பதில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசாங்கத்தின் கஜானா தள்ளாடியது. 1860-ல் ஜேம்ஸ் வில்சன் பட்ஜெட் போட்டு வருமான வரியைக் கொண்டுவந்தும் சரிக்கட்ட முடியவில்லை. 1870 டிசம்பரில் மேயோ ஒரு வழி கண்டுபிடித்தார். சிறை, போலீஸ், கல்வி, மருத்துவம், சாலை எல்லாவற்றையும் மாகாணங்களின் பொறுப்பில் விட்டார். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையையும் கட்டிக் கொடுத்தார். துண்டு விழுந்தால் மாகாணங்களே உள்ளூரில் வரி போட்டுக்கொள்ள வேண்டியது. மறு வருடமே சென்னை மாகாணத்தில் நகர மேம்பாட்டுச் சட்டமும் உள்ளூர் நிதிச் சட்டமும் வந்துவிட்டன. அதற்கும் ஏறத்தாழ இருநூறு வருடம் முன்னால், 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோசையா சைல்டு போட்ட கணக்கும் இதே ரகம். கம்பெனிக்காரன் கேட்டால் வரி கொடுக்காத ஜனங்கள், தங்கள் ஆட்களே மன்றத்தில் உட்கார்ந்து கேட்டால் கொடுப்பார்கள் என்று நினைத்தார். ஜனங்கள் அவ்வளவு சுலபமாக மசியவில்லை என்பது வேறு கதை.

மேலே இருப்பவர் வேலையைக் கீழே தள்ளுவார், அதற்கான காசை முழுதாகத் தள்ளமாட்டார். இந்த வழக்கம் அன்றைக்கே வந்துவிட்டது. 1934-ல் சென்னை மாகாணத்துத் தாலுகா போர்டுகளையே கலைத்துவிட்டார்கள். மாவட்ட போர்டுக்கும் பஞ்சாயத்துக்கும் நடுவில், சொந்த வருமானம் என்று பெரிதாக எதுவும் இல்லாமல் அவை நின்றுகொண்டிருந்தன.

நான் பார்த்த காலத்துக்கு வருகிறேன். எண்பதுகளில் நகராட்சி அலுவலகத்தில் சம்பள நாள் என்றால் திருவிழாதான். காலை ரவுண்டு முடிந்ததும் துப்புரவுப் பணியாளர்கள் பின்பக்க வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அருந்ததியர், ஆதிதிராவிடர், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள். வேறு சாதிக்காரர் யாரும் அந்த வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேஸ்திரி பெயர் கூப்பிடுவார். கேஷியர் எண்ணிக் கொடுப்பார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கட்டைவிரலை உருட்ட வேண்டும். துடைப்பத்தில் உரசி உரசி ரேகை தேய்ந்த விரல்கள் அவை. மையில் தோய்த்து இரண்டு தடவை வைத்தாலும் பட்டியலில் ஒரு கறுப்புத் திட்டுதான் விழும். தணிக்கைக்காரர் அதைப் பார்த்து, ரேகை தெளிவாக இல்லை என்று எழுதுவார். கேட்டுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்தபடி வட்டிக்காரர்கள் நிற்பார்கள். நகராட்சியின் சம்பள நாள் எங்கள் சேர்மனுக்கு மறந்தாலும் அவர்களுக்கு மறக்காது.

ஆனாலும் அந்தப் பட்டியலில் பிடித்தம் என்று ஒரு பகுதி உண்டு. பி.எஃப்., குடும்ப நல நிதி, எல்.ஐ.சி., பண்டிகை முன்பணம், சொசைட்டிக் கடன். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சம்பளத்தை அரிக்கும் பட்டியலாகத் தெரியும். ஓர் ஆளின் வாழ்க்கையையே அதில் படிக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். சொசைட்டிப் பிடித்தம் திடீரென்று ஏறினால் அந்த வீட்டில் கல்யாணம். பண்டிகை முன்பணம் அந்த மாதமே கைமாறும், பத்துத் தவணையில் திரும்பும். பிடித்தம் இருக்கிறது என்றால் கடன் கொடுக்க ஒரு சங்கம் நம்புகிறது என்று பொருள். ஓய்வுக்குப் பிறகு பென்ஷன் வரும், இறந்தால் வாரிசுக்கு வேலை வரும். அந்தக் குடும்பங்களில் முதல் தடவையாகப் பத்தாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்குப் பின்னால் அந்தப் பட்டியல்தான் இருந்தது. வாரிசு வேலை சாதித் தொழிலையே அடுத்த தலைமுறையின் கையில் திணித்தது என்ற வாதமும் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் அதைச் சொல்பவர்கள் பட்டியலைச் சுருக்குவதற்கு அதை ஒரு காரணமாக எடுத்துக்கொண்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. துடைப்பம் அதே கைகளில்தான் இருந்தது, பென்ஷன்தான் போயிற்று.

நிரந்தரப் பட்டியலுக்குப் பக்கத்தில் எப்போதும் மஸ்டர் ரோல் ஒன்று ஓடும். தினக்கூலிக்காரர்களின் வருகைப் பதிவேடு. சென்னை மாநகராட்சியின் மஸ்டர் ரோல் ஊழல் எங்கள் துறையில் பழைய ஆட்களுக்கெல்லாம் மனப்பாடம். வராத ஆளுக்கு வருகை போட்டுக் கூலி எடுத்த அந்த விவகாரத்தில்தான் 1973 இறுதியில் மாமன்றமே கலைக்கப்பட்டது. பிறகு 1996 வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் கிடையாது. இந்த ஊழலால் எங்களைப் போன்ற சின்ன ஊர்களிலும் தினக்கூலி என்ற சொல்லைக் கேட்டாலே அதிகாரிகள் துள்ளினார்கள். இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. 1981-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தர அந்தஸ்து என்றது. அது நகராட்சிக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று வக்கீல்கள் சண்டை போடட்டும். எங்கள் மேலாளர் எதற்கும் இருக்கட்டும் என்று 480 நெருங்கும்போதெல்லாம் ஒரு ‘பிரேக்’ போடச் சொல்வார். பிரேக் நாட்களில் அந்த ஆள் வந்து கூட்டத்தான் செய்வார். கூலியை அடுத்த மாதக் கணக்கில் யார் பெயரிலாவது சேர்த்துக் கொடுப்போம். எந்த ஊழலுக்குப் பயந்தோமோ அதற்கு உறவுமுறைதான் இதுவும்.

பெரிய திருப்பம் 2000-ஐ ஒட்டி வந்தது. சென்னையில் மூன்று மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் என்ற பெயரில் ஒரு பிரெஞ்சு நிறுவனம் எடுத்துக்கொண்டது. சீருடை, கையுறை, பச்சைத் தொட்டி, புது வண்டி. பத்திரிகைகள் பாராட்டின. எங்கள் ஆணையாளர் சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். அள்ளும் குப்பையின் எடைக்கு ஏற்பப் பணம் என்றார்கள். எடைக்குக் காசு என்றால் வண்டியில் மண்ணும் ஏறும் என்று எங்கள் லாரி டிரைவர் அன்றைக்கே சொன்னார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு.

2001-ல் புதிய அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டுக் கஜானா காலி என்றது. அந்த நவம்பரில் பணி நியமனத் தடைச் சட்டம் என்று மக்கள் அழைத்த அரசாணை வந்தது. உண்மையில் அது சட்டமல்ல, ஆணைதான். 2006 தொடக்கம் வரை எங்கள் நகராட்சியில் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. 2003 ஏப்ரல் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தால் பழைய பென்ஷனும் கிடையாது. அந்த ஜூலை வேலைநிறுத்தத்தில் மாநிலம் முழுக்க லட்சக்கணக்கில் அரசு ஊழியர்களை ஒரே கையெழுத்தில் நீக்கினார்கள். அது எல்லாருக்கும் நினைவிருக்கும், ஏனென்றால் சத்தமாக நடந்தது. பெரும்பாலானவர்கள் திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டார்கள். நியமனத் தடை தின்ற இடங்கள்தான் திரும்பி வரவில்லை. கிராமப் பஞ்சாயத்துகளின் மக்கள் நலப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கட்சி எடுக்கும், அடுத்த கட்சி அனுப்பும். 1991, 2001, 2011 என்று பத்து வருடத்துக்கு ஒரு முறை அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்காளனும் எழுதமாட்டான்.

அந்த இடங்கள் ஏன் திரும்பவில்லை என்பதற்கு ஒரு எண் காரணம்: 49. உள்ளாட்சியின் வருவாயில் சம்பளமும் அதைச் சார்ந்த நிர்வாகச் செலவும் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேட்க நல்ல விதிதான். ஆனால் சதவீதம் என்றால் கீழே ஒரு வருவாய் இருக்கிறதே, அது எங்கள் கையிலா இருந்தது? சொத்து வரியை உயர்த்த எந்த அரசுக்கும் மனசு வராது. சென்னையில் 1998-க்குப் பிறகு பொது சீராய்வு 2018-ல்தான். அதையும் அடுத்த வருடமே நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்த கையோடு ஏப்ரலில் வரி ஏறியது. தேதிகளைப் பார்த்தாலே புரியும். கேளிக்கை வரியில் பெரும்பகுதி உள்ளாட்சிக்கு வர வேண்டியது. எங்கள் ஊர்த் தியேட்டர்கள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாயின. மிச்சமிருந்த தியேட்டர்களில் ஓடிய படங்களுக்கு, தமிழில் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்று 2006-ல் சலுகை வந்தது. தமிழுக்குச் செய்த மரியாதை என்று எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தமிழ்ப் பற்று உள்ளவன்தான். ஆனால் அந்தச் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று பேரேட்டைத் திறந்தால் தெரியும். மாநில நிதிக்குழு மானியம் வரும் என்பார்கள். வரும், மின்கட்டண பாக்கி, குடிநீர் வாரிய பாக்கி, கடன் தவணை என்று மேலேயே கழித்துக்கொண்டு மிச்சம் வரும்.

வருவாய் இளைத்தால் 49 சதவீதமும் இளைக்கும். சம்பளம் மட்டும் அகவிலைப்படியோடு ஏறிக்கொண்டே போகும். காலியிடத்தை நிரப்பக் கோப்பு போட்டால், ‘நிர்வாகச் செலவு வரம்பை மீறியுள்ளது’ என்று திரும்பி வரும். இப்போதுதான் அந்த வேறு தலைப்பு கைகொடுக்கும். ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் பணம் சம்பளமல்ல. அது பராமரிப்புச் செலவு, சாலைக்குத் தார் வாங்குவதைப் போல. அதற்கு 49-உம் கிடையாது, வேறு வரம்பும் கிடையாது. 2000-ஐ ஒட்டித் தமிழக நகராட்சிகள் இரட்டைப் பதிவுக் கணக்கு முறைக்கு மாறியிருந்ததால், தலைப்புகள் கச்சிதமாகப் பிரிந்து நின்றன. மாதா மாதம் என் கையாலேயே அந்த மாற்றத்தை எழுதினேன். ஒரு பத்தியில் எண்ணிக்கை குறையும், இன்னொரு பத்தியில் தொகை கூடும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் நகராட்சி அப்படியொன்றும் மிச்சம் பிடித்துவிடவில்லை. ஆனால் கூட்டிக் காட்டும்படி எந்தப் படிவமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்பந்ததாரரின் பங்கும், மேற்பார்வைக் கட்டணமும், வழியில் கரைந்ததும் தெரிந்திருக்கும்.

ஒரு பெண் என் மேஜைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. அவருடைய தாயார் எங்கள் பழைய பட்டியலில் இருந்தவர்; சொசைட்டிக் கடன் வாங்கித்தான் இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார். இப்போது தாய் கூட்டிய அதே வார்டை மகள் ஒப்பந்ததாரரின் கீழ் கூட்டிக்கொண்டிருந்தார்.

“சார், நான் இங்கதான் வேலை பாக்குறேன்னு ஒரு கடுதாசி எழுதித் தாங்க சார். பேங்க்ல கேக்குறாங்க.”

“அம்மா, நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே. காண்டிராக்டர்கிட்டதான் வாங்கணும்.”

“அவரு யாருன்னே தெரியாது சார். சூப்பர்வைசர் தம்பிய மட்டுந்தான் தெரியும். எங்கம்மா கூட்டுன தெருவத்தான சார் நானும் கூட்டுறேன்?”

ஒப்பந்ததாரரின் அலுவலகம் வேறு மாவட்டத்தில் இருந்தது. அவருடைய பில் எங்கள் பிரிவுக்கு ஒரே தாளில் வரும்: இத்தனை ஆள், இத்தனை நாள், மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி, மொத்தம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய செலானின் நகலை இணைக்க வேண்டும் என்பது நிபந்தனை. இணைத்திருப்பார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் பெயர்கள் மங்கிப்போன நகல். அந்தப் பெண்ணின் பெயரை அதில் தேடினேன், கிடைக்கவில்லை. வேறு எழுத்துக்கூட்டில் இருந்ததா என்று உறுதியாகச் சொல்லவும் வழியில்லை. நிரந்தரப் பணியாளரின் தேய்ந்த ரேகைக்கு ஆட்சேபணை எழுதிய தணிக்கை, இந்த ஒற்றைத் தாளை வரிப்பிடித்தம் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனது. பில்லில் இருந்த ஆட்கள் எல்லாரும் தெருவில் இருந்தார்களா என்று கேட்டால் சுகாதார ஆய்வாளர் சிரிப்பார். 1973-ல் ஒரு மாமன்றத்தையே கவிழ்த்த விஷயம் இது. இப்போது எண்ணிப் பார்ப்பதே யார் வேலையும் இல்லை என்றாகிவிட்டது.

நீதிமன்ற வழியும் குறுகியது. 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், தற்காலிகமாக வேலை பார்த்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. முறையான நியமனம் இல்லாதவரைப் புறவாசல் வழியாக நுழைக்கக் கூடாது என்பது அதன் தர்க்கம். முன்வாசலைப் பூட்டி வைத்திருந்தது யார் என்ற கேள்வி எங்கள் ஆட்களிடம் இருந்தது. அதன் பிறகு எங்கள் சட்டப் பிரிவுக்கு எந்த மனு வந்தாலும் அந்தத் தீர்ப்பின் பெயரைப் போட்டே பதில் போகும்.

கொரோனா வந்த 2020-ல் தெருத் தெருவாகத் துப்புரவுப் பணியாளருக்கு மாலை போட்டார்கள். அந்த ஏப்ரலில் அரசு ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வையும் ஈட்டிய விடுப்பு சரண்டரையும் நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், அடுத்த வருடம் 60. ஓய்வூதியப் பலன்களை ஒரே நேரத்தில் கொடுப்பதைத் தள்ளிப்போட அதுவும் ஒரு வழி. பட்டியலில் இருந்தவர்களுக்கு இது வலித்தது. வெளியே இருந்தவர்களுக்கு நிறுத்தி வைக்க அகவிலைப்படியே இல்லை. 2022 அக்டோபரில் அரசாணை 152 வந்து, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் தூய்மைப் பணி உள்ளிட்ட கடைநிலைப் பணிகளை வெளிமுகமைக்கு விடும் புதிய பணியமைப்பை வகுத்தது. நாங்கள் வருடக்கணக்காகக் காலியிடம் காலியிடமாகச் செய்ததை அது ஒரே ஆணையில் எழுதிவிட்டது. சங்கங்கள் கொதித்தன. எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்தது அனைவருக்கும் தெரியும். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, சுமார் இரண்டாயிரம் பேர் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வருடக்கணக்காக நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுய உதவிக்குழுக்கள் வழியாக மாநகராட்சிக்கு வேலை பார்த்தவர்கள். அதாவது அவர்களும் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தார்கள். இப்போது அந்த வெளியிலிருந்தும் இன்னொரு வெளிக்குப் போகச் சொன்னார்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்குகிறோம், அது 17,000 ஆகிவிடும் என்றார்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. வண்டியில் ஏற்றப்பட்டவர்கள் கூச்சலிடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஓய்வுபெற்றவர்கள் கூடும் எங்கள் டீக்கடையில் அன்று, மாநகராட்சிக்கு நிதி இல்லாதபோது என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அவர் வருவாய்த் துறை ஆள். பத்து வருடத்துக்கு ஒப்பந்தம் போடும் அளவுக்கு நிதி இருக்கிறதே என்று நான் சொன்னேன். டீ ஆறியதுதான் மிச்சம்.

போலீஸ் அப்புறப்படுத்திய மறுநாளே அரசு தூய்மைப் பணியாளர்களுக்கு நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று இலவசக் காலை உணவு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றோடு இறங்குபவர்களை ஆயுசு முழுக்கப் பார்த்தவன் நான். ஆனால் கணக்குக்காரன் புத்தி போகாது. அதே காசைச் சம்பளத்தில் கூட்டிக் கொடுத்தால் அதற்கு பி.எஃப். உண்டு, அடுத்த உயர்வு அதன் மேலிருந்து ஏறும், ஓய்வின்போது கையில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். இட்லிக்கு பி.எஃப். பிடித்தம் கிடையாது.